தோய்ச்சல்: எஃகு கடினமாவது எப்படி?

இரும்போடு சிறிதளவு கார்பன் சேர்ந்தது எஃகு. ஒரே எஃகுக் கம்பியை இரண்டாக அறுத்து, இரு துண்டுகளையும் 850 டிகிரி செல்சியஸ் வரை சிவக்கக் காய்ச்சி, ஒன்றை உலைக்குள்ளேயே ஆறவிட்டு, மற்றதைத் தண்ணீரில் முக்கினால் கிடைப்பவை குணத்தில் இரு வேறு பொருள்கள். முதல் துண்டை அரம் எளிதாக ராவும். இரண்டாவதன்மேல் அரம் வழுக்கிக்கொண்டு போகும். சேர்மானத்தில் எள்ளளவும் மாற்றமில்லை. மாறியது சூடு வெளியேறிய வேகம் மட்டுமே. கொல்லர்கள் இந்த வேலையைத் தோய்ச்சல் என்பார்கள், தொழிற்கூடங்களில் குவெஞ்சிங். பொறியியல் கல்லூரிகளில் உலோகவியலும் வெப்பப் பரிமாற்றமும் தனித்தனித் தாள்களாக இருக்கின்றன. தோய்ச்சல் தொட்டியைப் புரிந்துகொள்ள இரண்டும் ஒருசேர வேண்டும்.

அறை வெப்பநிலையில் இரும்பு அணுக்கள், கனசதுரத்தின் எட்டு மூலைகளில் ஒவ்வொன்றும் நடுவில் ஒன்றுமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இதற்கு ஃபெரைட் என்று பெயர். தூய இரும்பை 912 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அடுக்கு மாறி, மூலைகளோடு ஆறு முகங்களின் மையத்திலும் அணுக்கள் அமர்கின்றன. இது ஆஸ்டினைட்; ராபர்ட்ஸ்-ஆஸ்டின் என்ற பிரிட்டிஷ் உலோகவியலாளரின் நினைவாக வைத்த பெயர். ஆஸ்டினைட்டில் அணுக்கள் நெருங்கியிருந்தாலும் அவற்றுக்கு இடையே உள்ள பொந்துகள் ஒவ்வொன்றும் சற்றுப் பெரியவை. ஆகவே கார்பன் அதில் 2 சதவீதம் வரை கரையும். ஃபெரைட்டில் கரையக்கூடியது அதிகபட்சம் 0.02 சதவீதம்தான். இந்த நூறு மடங்கு வேறுபாட்டில்தான் எஃகுத் தொழிலின் பாதி ரகசியம் அடங்கியிருக்கிறது.

ஏறத்தாழ 0.8 சதவீதம் கார்பன் உள்ள எஃகை எடுத்துக்கொண்டால், அது ஆறும்போது 727 டிகிரிக்குக் கீழே ஆஸ்டினைட் நிலைக்காது. ஃபெரைட்டாக மாறவேண்டும், ஆனால் ஃபெரைட்டில் அத்தனை கார்பனுக்கு இடமில்லை. மெதுவாக ஆறினால் கார்பன் அணுக்கள் பக்கத்துக்கு நகர்ந்து ஓரிடத்தில் சேர்ந்து, சிமெண்டைட் என்ற இரும்புக் கார்பைடாகின்றன. மெல்லிய ஃபெரைட் ஏடும் சிமெண்டைட் ஏடும் மாறிமாறி அடுக்கிய அமைப்பு உண்டாகிறது. 1860-களில் ஷெஃபீல்டு நகரத்து ஹென்றி சார்பி, மெருகேற்றி அமிலம் தடவிய எஃகை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது இந்த ஏடுகள் முத்துச்சிப்பியின் உட்புறம்போல மின்னின. அதனால் இதற்குப் பேர்லைட் என்று பெயர் நிலைத்தது.

திடீரென்று குளிர்வித்தால் கார்பனுக்கு நகர நேரம் கிடைப்பதில்லை. அடுக்கு மாறுகிறது, கார்பனோ இருந்த இடத்திலேயே அகப்பட்டுக்கொள்கிறது. இடம் போதாத அந்த அணுக்கள் கனசதுரத்தை ஒரு பக்கமாக இழுத்து நீட்டிவிடுகின்றன. ஜெர்மானியரான அடோல்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் மார்ட்டென்சைட் எனப்படும் அமைப்பு இதுதான். உலோகம் வளைவதற்கு அதன் அணுத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவ வேண்டும். கோணிப்போன இந்த அடுக்கில் நழுவல் எளிதில் நடக்காது, ஆகவே பொருள் கடினமாகிறது. 0.8 சதவீதக் கார்பன் எஃகு இந்நிலையில் ராக்வெல் சி அளவுகோலில் 65-ஐ எட்டும். கார்பன் குறைந்தால் கடினமும் குறையும். கிரில் கதவுக்கு வாங்கும் மைல்ட் ஸ்டீலை எத்தனை முறை காய்ச்சி முக்கினாலும் அரிவாளாகாது.

எவ்வளவு வேகம் வேண்டும்? 1930-ல் அமெரிக்காவில் எட்கர் பெயினும் டேவன்போர்ட்டும் இதற்கு விடை கண்டார்கள். மெல்லிய எஃகுச் சில்லுகளைக் காய்ச்சி, வெவ்வேறு வெப்பநிலைகளில் இருந்த உருகிய திரவக் குளியல்களில் வெவ்வேறு நேரம் வைத்திருந்து, மாற்றம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று வரைபடமாக்கினார்கள். 0.8 சதவீதக் கார்பன் எஃகில் 550 டிகிரிக்கு அருகே பேர்லைட் உருவாவது ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் தொடங்கிவிடுகிறது. அதற்கு மேலே மாறவேண்டிய உந்துதல் குறைவு. கீழே கார்பனின் நடை தளர்ந்துவிடுகிறது. ஆக, தாண்டவேண்டிய கண்டம் அந்த 550 டிகிரிச் சுற்றுவட்டாரம்தான். அதைத் தப்பிவிட்டால் அவசரமில்லை. மார்ட்டென்சைட் உருவாகத் தொடங்குவது 200 டிகிரி சொச்சத்தில்.

தண்ணீரின் நடத்தையோ இதற்கு நேர்மாறானது. காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி உடனே ஆவியாகாமல் உருண்டோடும்; துளிக்கும் கல்லுக்கும் நடுவே நீராவிப் படலம் ஒன்று நிற்பதே காரணம். ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் 1756-ல் இதைப் பற்றி எழுதினார். செக்கச்சிவந்த எஃகு தொட்டிக்குள் போன கணத்தில் அதே படலம் அதைப் போர்த்திக்கொள்கிறது. ஆவி வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் என்பதால், வேகம் அதிகம் தேவைப்படும் நேரத்தில் குளிர்ச்சி மந்தமாக இருக்கிறது. பரப்பு போதிய அளவு ஆறியதும் படலம் கிழிந்து, தண்ணீர் உலோகத்தைத் தொட்டுக் குமிழிகளாகக் கொதிக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோஜூல் போதும். அதையே ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். கொதிக்கும் தண்ணீர் வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போவது இந்த உள்ளுறை வெப்பத்தால்தான். சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, படலக் கட்டத்தில் சில நூறு வாட் வெளியேறுகிறது என்றால் குமிழிக் கட்டத்தில் பத்தாயிரம் வாட்டைத் தாண்டும். பரப்பு 100 டிகிரியை நெருங்கியதும் கொதிப்பு அடங்கி, வெறும் நீரோட்டம் மட்டும் சூட்டை எடுத்துச்செல்லும். இந்த மூன்று கட்டங்களையும் உள்ளடக்கிய கொதிப்பு வரைகோட்டை முதலில் அளந்து வரைந்தவர் ஜப்பானின் ஷிரோ நுகியாமா, 1934-ல்.

பட்டறைப் பழக்கங்கள் பலவற்றுக்கும் விளக்கம் இங்கே கிடைக்கிறது. குறட்டில் பிடித்த உளியைத் தண்ணீருக்குள் ஆட்டிக்கொண்டே இருப்பது ஆவிப்படலத்தைக் கலைக்க. உப்புக் கரைசலில் முக்குவதும் அதற்காகவே. பரப்பில் படியும் உப்புத் துகள்கள் படலத்தைச் சிதறடிக்கின்றன. தொட்டித் தண்ணீர் சூடேறிப் போனால் படலம் நெடுநேரம் ஒட்டிக்கொண்டு நிற்கும். பொருளில் அங்கங்கே மெத்தென்ற திட்டுகள் விழும். எண்ணெய் பொதுவாகத் தண்ணீரைவிட மெதுவாகவே குளிர்விக்கும். ஆனால் அதன் கொதிநிலை உயர்வு என்பதால் மந்தமான கடைசிக் கட்டம் முன்னதாகவே, முந்நூறு நானூறு டிகிரியிலேயே, வந்துவிடுகிறது. மார்ட்டென்சைட் உருவாகும் நேரத்தில் நிதானம் கிடைக்கிறது. அந்த நிதானத்தின் அருமை விரிசல் கண்டவர்களுக்குத் தெரியும்.

இதுவரை சொன்னது பரப்பின் கதை. நடுவில் இருக்கும் சூடு பரப்புக்கு வந்து சேர்ந்தால்தானே தண்ணீர் அதை எடுக்க முடியும்? ஃபூரியே 1822-ல் நூலாக வெளியிட்ட வெப்பக்கடத்தல் விதி இங்கே ஆட்சி செய்கிறது: வெப்ப ஓட்டம், வெப்பநிலைச் சரிவுக்கும் பொருளின் கடத்துதிறனுக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். செம்பின் கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்கு ஏறத்தாழ 400 வாட். சாதாரணக் கார்பன் எஃகுக்கு 50. அதுவும் சிவந்த நிலையில் 30-க்குக் குறைந்துவிடும். பரப்பிலிருந்து வெப்பம் போகும் எளிமையை உள்ளிருந்து அது வரும் எளிமையோடு ஒப்பிட, பயோ எண் என்று ஒரு கணக்கு உண்டு. பரப்பின் வெப்பமாற்றுக் கெழுவை அரைத்தடிமனால் பெருக்கிக் கடத்துதிறனால் வகுக்கவேண்டும். விடை 0.1-க்குக் கீழே இருந்தால் பொருள் முழுதும் ஒரே சீராக ஆறுகிறது என்று கொள்ளலாம். 3 மில்லிமீட்டர் கத்தித் தகடு காற்றில் ஆறும்போது விடை ஏறத்தாழ 0.005. அதே தகடு கொதிக்கும் தண்ணீரில் 0.5. 100 மில்லிமீட்டர் ஷாஃப்ட் தண்ணீரில் 17-ஐ ஒட்டி வரும். அதன் தோல் குளிர்ந்தபின்னும் நடுப்பகுதி கனன்றுகொண்டிருக்கும். மேலும், நடுப்பகுதி ஆறும் நேரம் தடிமனின் வர்க்கத்தோடு கூடுவதால், 10 மில்லிமீட்டர் கம்பிக்குச் சில விநாடி ஆவது 100 மில்லிமீட்டருக்கு நூறு மடங்காகிப் பல நிமிடங்களை விழுங்கும். ஒரு விநாடிக் கண்டத்தை அந்த நடுப்பகுதி தாண்டவே முடியாது.

தண்ணீரை எவ்வளவு பீய்ச்சினாலும் பயனில்லாத இடம் இது. பொறியாளர்கள் வேறு வழியில் போனார்கள்: சூட்டை விரைவாக்க முடியாதபோது கார்பனைத் தாமதப்படுத்துவது. குரோமியம், நிக்கல், மாலிப்டினம், மாங்கனீசு ஆகியவற்றைச் சிறிது சேர்த்தால் பேர்லைட் உருவாகத் தொடங்கும் நேரம் தள்ளிப்போகிறது. லேத் பட்டறைகளில் ஈ.என். 8, ஈ.என். 24 என்று புழங்கும் இரண்டிலும் கார்பன் ஏறத்தாழ 0.4 சதவீதம்தான். முன்னது சாதாரண எஃகு. தடித்த துண்டைத் தண்ணீரில் முக்கினாலும் மேலே சில மில்லிமீட்டர் ஆழம்தான் முழுக் கடினம் ஏறும். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த பின்னது எண்ணெயிலேயே ஆழம்வரை கடினமாகிறது. விலை வித்தியாசம் இதற்குத்தான். இந்தத் திறனை அளக்க ஜாமினி சோதனை இருக்கிறது: ஓரங்குலம் விட்டமும் நான்கு அங்குலம் நீளமும் உள்ள காய்ந்த தண்டை நிறுத்தி, அடி முனையில் மட்டும் தண்ணீர் பீய்ச்சி, ஆறியபின் அடியிலிருந்து மேல்நோக்கிக் கடினத்தை அளந்துகொண்டே போவார்கள்.

ஆஸ்டினைட் மார்ட்டென்சைட்டாகும்போது கன அளவு ஏறத்தாழ 4 சதவீதம் வரை பெருகும். தோல் முதலில் மாறி இறுகிவிடுகிறது. பிறகு நடுப்பகுதி மாறி விரியும்போது, வளைந்துகொடுக்க முடியாத தோல் இழுபட்டுப் பிளக்கிறது. சாவித்தடம், கூர்மூலை, திடீரெனத் தடிமன் மாறும் இடம் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் விரிசல் பிறக்கும். சிலசமயம் தொட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தபின் வெடிக்கும். ஜப்பானிய வாள் செய்வோர் இதே விரிதலைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். வாளின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் வாய்ப்பக்கம் மெலிதாகவும் பூசி முக்குவார்கள். களிமண் வெப்பத்தைத் தடுப்பதால் முதுகு பேர்லைட்டாகவும் வாய் மார்ட்டென்சைட்டாகவும் ஆகும். வாய் விரிந்து முதுகை வளைக்கும் விசையே அந்த வாளின் வளைவுக்கு முக்கியக் காரணம். வெப்பத்தடை என்ற சொல் பாடநூலில் ஏறுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அதைத் திட்டமிட்டுப் பயன்படுத்திய கைகள் அவை.

தோய்ச்சல் கொடுத்ததும் எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் நிலையில் இருக்கும். அதை மீண்டும் 150 முதல் 650 டிகிரிக்குள் சூடாக்குவது டெம்பரிங். அகப்பட்ட கார்பன் கொஞ்சம் வெளியேறி நுண்ணிய கார்பைடுத் துகள்களாகிறது. கடினம் சற்று இறங்கி, அடி தாங்கும் திறன் ஏறுகிறது. வெப்பமானி இல்லாத உலைக்களத்தில் நிறம்தான் கணக்கு. பளபளப்பாக்கிய பரப்பில் ஆக்சைடுப் படலம் தடிக்கத் தடிக்க, 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் மஞ்சளும், 280-ல் ஊதாவும், 300-ல் நீலமும் தோன்றும். வெட்டுக் கருவிக்கு மஞ்சளில் நிறுத்துவார்கள். அதிர்ச்சி தாங்கவேண்டிய உளிக்கு ஊதா வரை விடுவார்கள்.

வீடு கட்டும் டி.எம்.டி. கம்பியில் இந்த இரு வேலைகளும் ஒரே ஓட்டத்தில் நடக்கின்றன. பெல்ஜியத்தில் 1970-களில் உருவான முறை இது. உருட்டாலையின் கடைசி உருளையிலிருந்து 950 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டோடு வரும் கம்பி, தண்ணீர் பீய்ச்சும் குழாய்களுக்குள் புகுந்து சில விநாடிகளில் வெளியேறுகிறது. புறவளையம் மார்ட்டென்சைட் ஆகிவிட்டது. நடுப்பகுதி இன்னும் ஆஸ்டினைட். வெளியே வந்ததும் நடுவில் தங்கிய சூடு கடத்தலால் புறத்துக்கு வந்து, வளையத்தை 600 டிகிரி அளவுக்கு மறுபடி சூடேற்றி டெம்பர் செய்கிறது. தனி உலை வேண்டியதில்லை. பிறகு ஆறும் மேடையில் நடுப்பகுதி ஃபெரைட்டும் பேர்லைட்டுமாக மாறுகிறது. கார்பன் குறைவு என்பதால் வளையம் கத்திமுனைக் கடினத்தை எட்டாது. இங்கே அது தேவையுமில்லை. வலிமைக்கு வளையமும் வளையும் தன்மைக்கு நடுப்பகுதியும் பொறுப்பு. எஃப்.இ. 500 என்ற தரக் குறியில் உள்ள 500, கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்குவதற்கு முன் சதுர மில்லிமீட்டருக்குத் தாங்கவேண்டிய குறைந்தபட்ச நியூட்டன். குறுக்கே வெட்டி மெருகேற்றி, சாராயத்தில் கலந்த நைட்ரிக் அமிலம் தடவினால் கருத்த வளையமும் வெளிர்ந்த நடுவும் கண்ணுக்கே தெரியும். இந்தக் கம்பியை லேத்தில் கடைந்து மெலித்தால் போவது வலிமையான வளையம்தான். வளைப்பதற்காகச் சிவக்கக் காய்ச்சினாலும் வளையம் மீண்டும் ஆஸ்டினைட்டாகி, காற்றில் மெதுவாக ஆறும்போது நடுப்பகுதியைப் போலவே ஆகிவிடும். அதனால் கட்டுமான இடத்தில் இதைக் குளிர்ந்த நிலையிலேயே, தரநிர்ணயம் சொல்லும் விட்டமுள்ள உருளையைச் சுற்றி வளைக்கிறார்கள்.