முதற்கருவியும் ஆங்கில இடைச்சொற்களும்

சென்ற விடுமுறைக்கண் என் தாய்மாமன், தாம் விற்கும் கருப்பட்டிக்கும் பனையோலைப் பெட்டிகளுக்கும் ஆங்கிலத்தில் ஒட்டுச்சீட்டு அச்சிட விரும்பி, அதற்குரிய வாசகத்தை எழுதித் தருமாறு என்னைக் கேட்டார். கல்லூரியிற் பயிலும் மருமகன் ஒருவன் இருக்கப் பிறரை நாடுவானேன்? யானும் சற்றுஞ் சிந்தியாது, 'மேட் ஆவ் பல்மைரா' என்னும் ஒரே வாசகத்தை இரண்டிற்கும் பொதுவாக எழுதிக் கொடுத்தேன். 500 சீட்டுக்கள் அச்சாயின. பின்னர் ஆங்கிலம் வல்ல பெரியார் ஒருவர் கருப்பட்டிச் சிப்பமொன்றைக் கையிலெடுத்து நோக்கி, “இதனை உண்பதா, உத்திரமாக ஏற்றுவதா?” என்று நகைத்தார். மாமன் அச்சுக்கூலியைப் பற்றி ஒன்றுஞ் சொல்லவில்லை. “போகட்டும் மருமகனே, பெட்டிக்காவது சரிதானே?” என்றார். அடித்திருப்பினும் அத்துணை வருந்தியிரேன்.

பெட்டிக்குச் சரியே. பெட்டிக்குப் பொருந்திய சொல் கருப்பட்டிக்குப் பொருந்தாமை யாது கருதியெனின், கூறுதும். பெட்டியின்கண் ஓலை ஓலையாகவே உளது. கண்ணாற் காணலாம், கையால் தடவி அறியலாம். முடையப்பட்டு வடிவு மாறியதேயன்றித் தன்மை மாறிற்றில்லை. இங்ஙனம் முதற்பொருள் செய்பொருளின்கண் நிலைத்து நிற்குமிடத்து ஆங்கிலர் 'ஆவ்' என்பர். பொன் மோதிரமும், செங்கற் சுவரும், பட்டுச் சேலையும் இவ்வினத்தன. கருப்பட்டியோ, பாளையைச் சீவிச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீர் அடுப்பேறிக் காய்ந்து, பாகாகி, இறுகிப் பிறந்தது. அதன்கண் பனையைத் தேடினுங் காணோம். இவ்வாறு முதற்பொருள் தன்னிலை திரிந்து வேறொன்றாகியவிடத்து 'ஃப்ரம்' வரும். மணலினின்று கண்ணாடி, மூங்கிலினின்று காகிதம், எண்ணெயினின்று சவர்க்காரம் என்பனவும் அன்ன.

தமிழிலக்கணம் பயில்வார்க்கு இவ்வேறுபாடு முற்றும் புதியதன்று. நன்னூலார் மூன்றாம் வேற்றுமைப் பொருள்களுட் கருவியை வைத்தார்; உரைகாரர் அதனை முதற்கருவி, துணைக்கருவி என இரண்டாக்கினர். மண்ணாற் குடத்தை வனைந்தான் என்புழி மண் முதற்கருவி. திகிரியால் வனைந்தான் என்புழித் திகிரி துணைக்கருவி. மண் குடத்தோடு ஒன்றி நிற்கும், திகிரி விலகிவிடும். பொற்குடம் என்னுந் தொகையைப் பொன்னாலாகிய குடம் என்று நாம் விரிக்கின்றோமே, அவ்விரியில் வரும் 'ஆல்' ஏறக்குறைய ஆங்கில 'ஆவ்' ஆகும். 'ஃப்ரம்' என்பதோ ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருளை நினைப்பூட்டுவது. ஊரின் நீங்கினான் என்புழி ஒருவன் ஊரைவிட்டு அகலுதல் போலப் பதநீரும் தன்னியல்பை விட்டு அகன்றே கருப்பட்டியாகின்றது.

அற்றேல், இலக்கணங் கற்றும் யான் பிழைத்தது ஏன்? எண்ணிப் பார்த்தவழி ஒன்று தோன்றிற்று. தமிழில் இம்மாற்றத்தைத் தெரிவிக்கும் பொறுப்பினை நாம் உருபின்மேல் ஏற்றுவதில்லை, வினையின்மேல் ஏற்றுகின்றோம். எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்தாள், பாலை உறையிட்டுத் தயிராக்கினாள், பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி வார்த்தாள் என்கிறோம். ஆட்டுதல், உறையிடுதல், காய்ச்சுதல் என்பனவே முதற்பொருள் என்னாயிற்று என்பதைச் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலத்திலும் இத்தகு வினைகள் உளவேனும், 'மேட்' என்னும் பொதுவினை ஒன்றே வருமிடத்து, எவ்வாறு செய்யப்பட்டது என்னுங் குறிப்பு முழுவதும் அதனையடுத்த சிறு சொல்லின்மேல் விழுகின்றது. நாம் அச்சிறு சொல்லை அசைபோலக் கருதி எளிதிற் கடந்துவிடுகின்றோம்.

ஏனையவற்றைச் சுருங்கக் கூறுவேன். பல பொருள் கூடியவற்றுள் ஒன்றைமட்டும் எடுத்துச் சொல்லுங்கால் 'வித்' வரும்; தேங்காய்ப்பால் சேர்த்த பாயசம் அத்தகையது. ஒரு பயனுக்கு உரிய பொருளைப் பிறிதொரு பயனுக்கு மாற்றியவிடத்து 'அவுட் ஆவ்' அழகாக அமையும். பழைய தகரக் குவளை விளக்காயினாற்போல. 'பை' செய்தவனைக் காட்டும். பாலைத் தயிராக்கினாள் என முதற்பொருளை முன்வைத்துச் சொல்லின் 'இன்டு' வேண்டும்.

இவ்விதி இரும்புக் கோட்டை அன்று. மரமேசைக்கும் 'ஃப்ரம்' கூறும் ஆங்கிலர் உளர். அதனைப் பிழையென்பார் இலர். ஆயின் தயிருக்கு 'ஆவ்' கூறின் செவி ஏலாது. ஐயமுற்றவிடத்து 'ஃப்ரம்' ஏமமுடைத்து என்பது என் துணிபு. முற்காலத்தில் 'ஆவ்' என்பதற்கே நீங்கற்பொருள் இருந்தது. இன்று அகலுதலைக் குறிக்கும் 'ஆஃப்' என்னுஞ் சொல்லும் அதுவும் ஒரு சொல்லின் இரு வடிவங்களே; 17-ஆம் நூற்றாண்டளவிற்றான் அவை முற்றப் பிரிந்தன. 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்து, மனிதன் மண்ணினின்று உருவாக்கப்பட்டதைக் கூறுமிடத்தில் 'ஆவ்' நிற்பது இப்பழமையினாலேயாம். இக்காலப் பெயர்ப்புக்கள் சிலவற்றில் அவ்விடத்தை 'ஃப்ரம்' கொண்டது. நம் தமிழ் வேதாகமத்திலோ மூன்றாம் வேற்றுமையே நிற்கின்றது.

எஞ்சிய சீட்டுக்களை மாமன் பெட்டிகளுக்கே ஒட்டிவருகின்றார். கருப்பட்டிக்கு வேறு சீட்டு எழுதியனுப்பியுள்ளேன். அதன்கண் 'ஃப்ரம்' இட்டதோடு அமையாது, பனை என்றிருந்ததைப் பதநீர் என்று பொருள்படவுந் திருத்தினேன். அச்சுக்கூலி இம்முறை என்னுடையது.