கூலியைக் குறைத்துக் கொடுத்தால் நிறுவனத்துக்கு என்ன தண்டனை?

"சேரும்போதே இவ்வளவுதான்னு சொல்லித்தானே சேர்த்தோம்?" சம்பளம் குறைவாக இருக்கிறதே என்று கேட்டால் பல இடங்களில் வரும் பதில் இதுதான். கோவளம் முதல் மாமல்லபுரம் வரை விடுதிகளில் அறை சுத்தம் செய்பவரோ, சமையல்கூடத்தில் பாத்திரம் கழுவுபவரோ, யாராக இருந்தாலும் இந்தப் பதிலோடு திரும்ப வேண்டியதில்லை. குறைந்தபட்ச ஊதியத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது.

1978-ல் பிரிட்டன் அரசு, விலைவாசியைக் கட்டுப்படுத்த ஊதிய உயர்வு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. ஏறத்தாழ 17 சதவீதம் கொடுக்க ஒத்துக்கொண்ட ஃபோர்டு நிறுவனத்தின் மீது நடவடிக்கை அறிவித்தது. நாடாளுமன்ற வாக்கெடுப்பில் தோற்றதும் அதைக் கைவிட்டது. பின்னாளில் நம்ம மறைமலை நகரில் ஆலை கட்டிய அதே ஃபோர்டுதான்! அங்கே கூடுதலாகக் கொடுத்தது தப்பு. இங்கே குறைத்துக் கொடுப்பதுதான் தப்பு.

தண்டனை என்ன?

1948-ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் இதற்கான அபராதம் 500 ரூபாய் வரைதான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-இன்படி 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்து ஆண்டுக்குள் மீண்டும் அதே குற்றம் செய்தால் 3 மாதம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்?

ஒருவருக்குத் தினமும் 50 ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் என்றால் 1,300 ரூபாய். ஓராண்டுக்கு 15,600 ரூபாய். இந்தப் பாக்கியோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் சேர்த்துக் கொடுக்க உத்தரவிடலாம். "கான்ட்ராக்டரைப் போய்க் கேளு" என்றும் தட்டிக்கழிக்க முடியாது. ஒப்பந்ததாரர் கொடுக்காவிட்டால் நிறுவனமே பொறுப்பு.

என்ன செய்யணும்?

உங்கள் வேலைக்கான குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவு என்று மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள். மூன்று ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம்; தொழிற்சங்கம் மூலமும் கொடுக்கலாம். ஊதியச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வேலை செய்த நாட்களின் குறிப்பு இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். சீட்டே தரவில்லையா? பயப்பட வேண்டாம். பாக்கி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளிதான், நீங்கள் அல்ல.