பவளத்தீவும் விருந்தினரும்: லட்சத்தீவுச் சுற்றுலாவின் பொருளாதாரம்

கேரளக் கரைக்கு மேற்கே, 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில், அரபிக் கடலில் சிதறிக் கிடக்கின்றன லட்சத்தீவுகள். பெயரில் இலட்சம் இருப்பினும் அரசுக் கணக்கில் உள்ள தீவுகள் 36 மட்டுமே. அவற்றுள் மக்கள் நிலையாகக் குடியிருப்பவை பத்து. அனைத்தையும் கூட்டினாலும் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டரைத் தாண்டாது. ஆயினும் இத்தீவுகளைச் சூழ்ந்த ஆழமற்ற கடற்கழிகளின் பரப்பு சுமார் 4,200 சதுர கிலோமீட்டர். இவற்றால் நம் நாட்டிற்குக் கிடைத்துள்ள தனிப் பொருளாதாரக் கடல் மண்டலம் ஏறத்தாழ 4 லட்சம் சதுர கிலோமீட்டர். நிலம் மிகக் குறைவு, நீர் மிக அதிகம் என்ற இந்த விகிதத்தை மனத்தில் இருத்திக் கொண்டால்தான், இங்கு சுற்றுலாவை எவ்வளவு, எவ்வாறு வளர்க்கலாம் என்ற கேள்வியைச் சரியாக அணுக முடியும்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் யூனியன் பிரதேசமாவதற்கு முன்பு இத்தீவுகள் சென்னை மாநிலத்தின் மலபார், தென் கன்னட மாவட்டங்களைச் சேர்ந்திருந்தன. 1964இல் நிர்வாகத் தலைமையிடம் கோழிக்கோட்டிலிருந்து கவரத்திக்கு மாறியது; 1973இல் இன்றைய பெயர் வந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64 ஆயிரத்துச் சொச்சம். சிறிய எண் போலத் தோன்றினும், அடர்த்தியைப் பார்த்தால் சதுர கிலோமீட்டருக்கு 2,000 பேருக்கு மேல் வருகிறது. அதே ஆண்டில் தமிழ்நாட்டின் அடர்த்தி 555. விளம்பரப் படங்களில் வெண்மணலும் ஒற்றைத் தென்னையும் மட்டுமே தெரிவதால், வெளியார் பலர் இவற்றை ஆளில்லாத் தீவுகள் என்றே எண்ணி விடுகின்றனர்.

ஆளில்லாத் தீவுகளும் உண்டு. அவற்றுள் பெயர் பெற்றது பங்காரம். அகத்தித் தீவிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இத்தீவு, நெடுங்காலம் அகத்தி மக்கள் வந்து தேங்காய் பறித்துச் செல்லும் தோப்பாகவே இருந்தது. 1988இல் அகத்தியில் விமான நிலையம் திறக்கப்பட்டதும் நிலைமை மாறிற்று. உயர்வகை விடுதியொன்று அமைந்தது. வெளிநாட்டுப் பயணிகள் வந்தனர். கடலடி மூழ்கலும் கண்ணாடித் தளப் படகுச் சவாரியும் தொழில்களாயின. மதுவிலக்குள்ள யூனியன் பிரதேசத்தில் இந்த ஒரு தீவுக்கு மட்டும் பல்லாண்டுகள் விலக்கு அளிக்கப்பட்டிருந்ததும் குறிப்பிடத்தக்கது. விருந்தினரைக் குடியிருப்பிலிருந்து தள்ளி வைப்பது என்ற கொள்கையின் வெளிப்பாடே அது.

இதற்கு நேர்மாறான மற்றொரு முறையும் இங்கு உருவாயிற்று. நிர்வாகம் 1982இல் ஏற்படுத்திய இயற்கைச் சுற்றுலா மற்றும் விளையாட்டு மேம்பாட்டுச் சங்கம் நடத்தும் ‘சமுத்திரம்’ என்ற பயணத் திட்டத்தில், பயணிகள் கொச்சியில் கப்பலேறி, பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய தீவுகளில் இறங்கிச் சுற்றிப் பார்த்து, இரவில் கப்பலுக்கே திரும்பிப் படுத்துக் கொள்கின்றனர். பகட்டில்லாத ஏற்பாடுதான். பொருளாதார நோக்கில் பார்த்தால், இதைவிடச் சிக்கனமான சுற்றுலாவைக் காண்பது அரிது. தங்கும் அறை, குளியல் நீர், இரவு மின்சாரம் ஆகியவற்றின் சுமை பெரும்பாலும் தீவின்மேல் விழுவதில்லை. பகல் உணவு, படகு, வழிகாட்டி ஆகியவற்றிற்கான செலவு மட்டும் தீவிலேயே தங்குகிறது.

தண்ணீர்க் கணக்கு

எல்லாக் கணக்கும் இங்கு தண்ணீரில்தான் வந்து முடிகிறது. லட்சத்தீவில் ஆறு இல்லை, ஏரி இல்லை. மழை ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் பெய்கிறது. அது பவள மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்பு நீரின்மேல் ஒரு மெல்லிய ஆடைபோல் மிதந்து நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி குறைவு என்பதே இதற்குக் காரணம். கிணற்றிலிருந்து இறைக்கும் வேகம், மழை ஊட்டும் வேகத்தைத் தாண்டினால் கீழிருந்து உப்பு நீர் மேலேறுகிறது. ஒருமுறை உவர்த்த கிணறு மீள்வதற்குப் பல மழைகள் வேண்டும்.

இக்குறையைப் போக்க, தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் ஒரு கடல்நீர் நன்னீராக்கும் நிலையத்தை அமைத்தது. இதன் செயல்முறை எளிமையானது. வெதுவெதுப்பான மேற்பரப்புக் கடல்நீரை, காற்றழுத்தம் குறைக்கப்பட்ட கலத்திற்குள் செலுத்தினால் அதில் ஒரு பகுதி ஆவியாகிறது. சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய் வழியே ஏற்றப்படும் குளிர்ந்த நீர் அந்த ஆவியைக் குளிர்வித்து நன்னீராக்குகிறது. பவளத் திட்டின் விளிம்பிலேயே கடல் செங்குத்தாக ஆழமாகி விடுவதால், குளிர்நீர் கரைக்கு அருகிலேயே கிடைக்கிறது. நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். கவரத்தியின் மக்கள்தொகை 2011இல் ஏறத்தாழ 11 ஆயிரம். அதாவது, தலைக்கு நாளொன்றுக்கு 9 லிட்டர். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் போதுமான அளவு.

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். நான்கு நட்சத்திரத் தரத்திற்கும் மேற்பட்ட விடுதிகளுக்கு நம் தேசியக் கட்டட நெறிமுறை வகுத்துள்ள நீர்த் தேவை ஒரு நபருக்கு 320 லிட்டர். ஒரு விருந்தினரின் ஒரு நாள் தேவை, அந்நிலையம் 35 தீவுவாசிகளுக்கு வழங்கும் நீருக்குச் சமம் என்று பொருள். விடுதி தனக்கெனத் தனி நன்னீராக்கும் கருவியை வைத்துக் கொள்ளலாம் என்பது உண்மையே. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். சூரிய ஒளி மின்சாரம் சேர்ந்து வருகின்ற போதிலும், தீவுகளின் மின்சாரம் பெரிதும் டீசலையே நம்பியிருக்கிறது. டீசலோ பெருநிலத்திலிருந்து கடல் வழியே வந்தாக வேண்டும். பயன்படுத்திய நீர் எங்கே போகும் என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. நுண்துளைகள் நிறைந்த பவள மணலில் கழிவுநீர்த் தொட்டியின் கசிவு, ஒருபுறம் குடிநீர் ஆடைக்கும் மறுபுறம் கடற்கழிக்கும் சென்று சேர்கிறது. கழிவிலுள்ள சத்துப் பொருள்களை உண்டு பாசி வளர்ந்து பவளத்தை மூடுகிறது. விருந்தினர் காண வந்த காட்சியையே விருந்தோம்பல் அழிக்கும் விந்தை இது.

ஒரே பருவம், ஒரே படகு

தீவு மக்களின் பழந்தொழில்கள் தென்னையும் கயிறும் சூரை மீன்பிடிப்பும். மினிக்காய்த் தீவில் நெடுங்காலமாக வழங்கி, 1960களில் எந்திரப் படகுகள் பரவியதோடு பிற தீவுகளுக்கும் சென்ற மீன்பிடி முறை தனித்தன்மை வாய்ந்தது. முதலில் கடற்கழியின் பவளப் பாறைகளிடையே வாழும் சிறு மீன்களை வலையில் பிடித்து, படகின் நீர்த் தொட்டியில் உயிரோடு வைத்துக் கொள்கின்றனர். ஆழ்கடலில் சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அவற்றை அள்ளி வீசி, நீரையும் தெளித்து, மயங்கி மேலெழும் சூரைகளை நீண்ட கம்புத் தூண்டிலால் ஒவ்வொன்றாக இழுத்துப் போடுகின்றனர். பெருவலை இல்லாததால் வேண்டாத உயிர்கள் மிகக் குறைவாகவே சிக்குகின்றன. பிடித்ததை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தினால் மாசி. நம் தென் மாவட்டங்களிலும் இலங்கையிலும் சம்பலுக்கும் குழம்புக்கும் சுவை கூட்டும் மாசிக் கருவாடு இதுவே. ஆக, கடற்கழியில் பவளம் குன்றினால் இரை மீன் குன்றும். இரை மீன் குன்றினால் தூண்டில் வெறுங்கம்பாகும்.

சுற்றுலாத் திட்ட அறிக்கைகளில் அடிக்கடி விடுபட்டுப் போகும் ஒரு செய்தி இங்கே உண்டு. மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் மாத நடுப்பகுதி வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் கடல் கொந்தளிப்பாக இருக்கும். எனவே மீன்பிடிப் பருவமும் சுற்றுலாப் பருவமும் ஒன்றே. விருந்தினரை ஏற்றிச் செல்லும் படகும் படகோட்டியும், அன்றைக்குச் சூரைக்குப் போகாத படகும் படகோட்டியுமே. சுற்றுலாவால் கிடைக்கும் கூலி முழுவதையும் கூடுதல் வருமானமாகக் காட்டுவது கணக்கியலில் பிழை. இழந்த மீன்பாட்டைக் கழித்த பின் எஞ்சுவதே நிகர ஆதாயம். பல சமயங்களில் அது நல்ல ஆதாயமாகவே இருக்கும் என்பது என் கருத்து. கழித்துப் பார்க்காமலே சொல்வது முறையன்று என்பதே என் வாதம்.

அண்டை நாடான மாலத்தீவின் அனுபவம் இங்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 1972இல் முதல் விடுதியைத் திறந்த அந்நாட்டிற்கு 2024இல் வந்த பயணிகள் 20 லட்சத்திற்கும் மேல். ‘ஒரு தீவு, ஒரு விடுதி’ என்ற முறையால் அந்நியச் செலாவணி குவிந்தது. ஆனால் உணவு, எரிபொருள், கட்டுமானப் பொருள் எனப் பெரும்பாலானவை இறக்குமதியானதால், வந்த பணத்தில் கணிசமான பகுதி வெளியே கசிந்தது. மக்கள் வாழும் தீவுகளில் உள்ளூரார் சிறு விடுதிகள் நடத்த வழிவிடப்பட்டது 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள். ஒன்றிரண்டில் தவறு நேர்ந்தால் பொறுத்துக் கொள்ளலாம். 36 தீவுகளுக்கு அந்த வசதி இல்லை.

36 என்ற எண்ணிலும் ஒன்று ஏட்டளவில்தான். பங்காரத்தைச் சூழ்ந்த அதே பவளத் திட்டில் இருந்த பரளி என்ற சிறு தீவு, கடல் அரிப்பால் முற்றிலும் மறைந்து விட்டதை 2017இல் வெளிவந்த ஆய்வு உறுதி செய்தது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளிலும் மீண்டும் 2024இலும் கடல் வெப்பம் மிகுந்து பவளங்கள் வெளிறின. அகத்தி, கட்மத், கவரத்தி ஆகிய மூன்று தீவுகளில் 24 ஆண்டுகள் நடந்த கண்காணிப்பில் உயிர்ப் பவளப் பரப்பு ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது தெரிய வந்தது. அலையின் வேகத்தைத் தடுத்துத் தீவைக் காப்பது இப்பவளமே. கடற்கழியில் தூண்கள் நட்டு நீர்மேல் குடில்கள் எழுப்பும் திட்டங்களை மதிப்பிடுவோர் தேய்மானக் கணக்கில் இதையும் ஒரு இனமாகச் சேர்க்க வேண்டும்.

நிலமும் உரிமையும்

தீவு மக்களில் ஏறத்தாழ 95 சதவிகிதத்தினர் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர்கள். வெளியார் இங்கு நிலம் வாங்க முடியாது. 1967ஆம் ஆண்டு விதிகளின்படி நுழைவதற்கே அனுமதி பெற வேண்டும். மினிக்காய் நீங்கலான தீவுகளில் தாய்வழித் தறவாட்டுச் சொத்து ‘வெள்ளியாழ்ச்சைச் சொத்து’ எனவும், ஒருவர் தாமே ஈட்டியது ‘திங்களாழ்ச்சைச் சொத்து’ எனவும் வழங்குகின்றன. கூட்டுச் சொத்தைக் குத்தகைக்கு விடுவதற்குக் குடும்பத்தார் பலரின் இசைவு தேவை. இவை தவிர, முன்பு கண்ணூர் அலி ராஜாவுக்கு உரியதாயிருந்து பின்னர் அரசைச் சேர்ந்த ‘பண்டாரம்’ நிலங்களும் உண்டு. தலைமுறை தலைமுறையாக இவற்றில் தென்னை பயிரிட்டு வருவோர் தங்கள் உரிமையைக் கோருகின்றனர்.

2017இல் அமைக்கப்பட்ட தீவுகள் வளர்ச்சி முகமை, முதற்கட்டத் திட்டமிடலுக்கு மினிக்காய், பங்காரம், தின்னக்கரை, செரியம், சுஹேலி ஆகிய தீவுகளைத் தேர்ந்தெடுத்தது. இவற்றில் மினிக்காய் தவிர மற்றவை நிலையான குடியிருப்பு இல்லாதவை என்பது தேர்வின் நோக்கத்தைக் காட்டுகிறது. இதற்கு முன்பே, உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி இரவீந்திரன் குழு ஒவ்வொரு தீவுக்குமான ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டத்தைப் பரிசீலித்து, தாங்குதிறனுக்கு உட்பட்ட வளர்ச்சியை வலியுறுத்தியிருந்தது. தாங்குதிறன் என்பதை அறைகளின் எண்ணிக்கையாக மட்டும் கொள்ளாமல், நீர், கழிவு, படகு, கப்பலின் படுக்கை என்ற நான்கிலும் தனித்தனியே கணக்கிட்டு, எது முதலில் தீர்கிறதோ அதையே உச்ச வரம்பாகக் கொள்வது பொருத்தமாக இருக்கும்.

நான்காவதாகச் சொன்ன படுக்கை பற்றிச் சிறிது விளக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அலுவல் நிமித்தம் கொச்சியிலிருந்து கப்பலில் சென்றேன். தீவுக்கு வெளியே, பவளத் திட்டுக்கு அப்பால் கப்பல் நின்றது. உள்ளிருந்து சிறு படகுகள் வந்து ஒட்டின. அலை படகை மேலே தூக்கும் கணத்தில் கால் வைக்க வேண்டும். தயங்கி நின்ற என்னையும் வேறு சில பயணிகளையும் படகோட்டிகள் கைப்பிடித்து இறக்கினர். எங்களுக்குப் பின்னால், எர்ணாகுளத்தில் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய முதியவர் ஒருவரைப் போர்வையோடு இருவர் தூக்கி இறக்கினர். அவருடன் வந்த பெண்மணி, திரும்பும் பயணத்திற்குச் சீட்டுக் கிடைக்க மூன்று கப்பல்கள் காத்திருக்க நேர்ந்ததாகக் கூறினார். அன்று என் பெயரில் பதிவாகியிருந்த படுக்கையும் அந்தக் கப்பலில்தான் இருந்தது.