வேகமே தடையாகும் ஓட்டம்

2024 ஆகஸ்டு 30. பாரிஸ் பாராலிம்பிக் போட்டிகளில் பெண்களுக்கான 100 மீட்டர் ஓட்டம். சீனாவின் ஸௌ சியா 13.58 விநாடிகளில் முதலாவதாக வந்தார். 14.21 விநாடிகளில் மூன்றாவதாக எல்லைக்கோட்டைத் தொட்டவர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பிரீத்தி பால். பாராலிம்பிக் ஓட்டப் பந்தயங்களில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அது.

‘பதினான்கு விநாடியா? எங்கள் பள்ளியிலேயே இதைவிட விரைவாக ஓடுகிறார்களே!’ என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அவசரப்படாதீர்கள். அது டி-35 என்னும் பிரிவில் நடந்த பந்தயம். மூளை முடக்குவாதம் போன்ற காரணங்களால் கால் தசைகள் விறைத்து இறுகியவர்கள் ஓடும் பிரிவு அது. அவர்களுக்கு அந்த 100 மீட்டர் எத்தகையது என்பது விளங்க, ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம்.

நாற்காலியில் அமர்ந்து, கால்மேல் கால் போட்டு, மேற்காலைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கையின் விளிம்பால் நண்பரை லேசாகத் தட்டச் சொல்லுங்கள். சரியான இடத்தில் பட்டால் கால் தானாக முன்னே துள்ளும். தட்டியதும் தொடையின் முன்பக்கத் தசை சட்டென்று இழுபடுகிறது. தசைக்குள் கதிர் வடிவில் இருக்கும் நுண்ணிய உணர்வுறுப்புகள் அந்தச் செய்தியைத் தண்டுவடத்துக்கு அனுப்புகின்றன. ‘சுருங்கு’ என்ற கட்டளை அங்கிருந்தே திரும்பிவிடுகிறது. மூளையின் அனுமதிக்காகக் காத்திருப்பதில்லை!

ஆனால் ஓடும்போது நம் தசைகள் ஓயாமல் இழுபடுகின்றனவே! ஒவ்வோர் இழுப்புக்கும் இப்படித் துள்ளினால் என்ன ஆகும்? துள்ளாதபடி மூளையிலிருந்து இறங்கிவரும் நரம்புகள் தண்டுவடத்தை அடக்கி வைக்கின்றன. பிறக்குமுன்போ, பிறக்கும்போதோ, குழந்தைப் பருவத்தின் தொடக்கத்திலோ மூளையின் இயக்கப் பகுதிகள் பழுதுபட்டால் இந்தக் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது. இதுவே மூளை முடக்குவாதத்தில் மிகுதியாகக் காணப்படும் தசை இறுக்கத்தின் காரணம். அறிவுத்திறனில் எந்தக் குறையும் இல்லாதவர்கள் இவர்களில் ஏராளம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இந்த இறுக்கத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. தசையை மெதுவாக நீட்டினால் ஓரளவு இணங்கும்; வெடுக்கென்று இழுத்தால் எதிர்க்கும். காலை முன்னே வீசும்போது தொடையின் பின்பக்கத் தசை மிக விரைவாக நீள வேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான் அது இறுகுகிறது. முழங்கால் முழுதும் நீளாததால் அடி குறுகிவிடுகிறது. முன்தசை சுருங்கும்போது பின்தசை தளர வேண்டும் அல்லவா? இங்கே இரண்டும் சேர்ந்தே சுருங்குவதும் உண்டு. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே சைக்கிள் மிதிப்பதுபோலத்தான்! வேகத்தைக் கூட்டக் கூட எதிர்ப்பும் கூடுகிறது. இந்த எதிர்ப்பை மீறி, சராசரியாக மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால்தான் 14.21 விநாடி கைகூடும்.

தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி இறுக்கத்தை அதிகமாக்கும் என்று மருத்துவர்கள் பலர் நெடுங்காலம் அஞ்சினார்கள். எனவே கடும் பயிற்சி வேண்டாமென்றார்கள். பிற்கால ஆய்வுகளில் அந்த அச்சம் மெய்ப்படவில்லை. இறுகிய தசை பலமான தசை அல்ல; அது நலிந்த தசையே. பயிற்சியால் அதை வலுப்படுத்த முடிகிறது.

மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் பாராலிம்பிக்கில் முதன்முதலாகக் கலந்துகொண்டது 1980இல், நெதர்லாந்தின் ஆர்னெம் நகரில். இன்று கால்களால் ஓடுபவர்களுக்கு டி-35 முதல் டி-38 வரை நான்கு பிரிவுகள். உடலின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் டி-37இல் ஓடுவார்கள். பாதிப்பு மிகக் குறைந்தவர்கள் டி-38இல். 2016இல் ரியோவில் சீனாவின் ஹூ ஜியான்வென் டி-38 பிரிவில் 100 மீட்டரை 10.74 விநாடிகளில் ஓடினார்!

யார் எந்தப் பிரிவு என்று எப்படி முடிவு செய்வது? தேர்வாளர்கள் வீரரின் மூட்டை முதலில் மெதுவாகவும் பிறகு விரைவாகவும் அசைத்து, தசை எங்கே ‘பிடிக்கிறது’ என்று பார்க்கிறார்கள். ஓட்டத்தையும் நேரில் கவனிக்கிறார்கள். நிறுவைக்கல் வைத்து நிறுக்கும் காரியம் அல்ல இது. ஒரு பிரிவு மாறிப்போனால், பல ஆண்டுப் பயிற்சியும் வீணாகிவிடக்கூடும். அதனால்தான் இந்தத் தீர்ப்புகள்மீது விவாதங்கள் ஓய்வதில்லை.

பிரீத்தி பாலுக்கு அந்த 100 மீட்டரோடு பாரிஸ் முடிந்துவிடவில்லை. செப்டம்பர் 1 அன்று 200 மீட்டர். இரு மடங்கு தூரம், பாதியில் வளைவு வேறு. 30.01 விநாடிகளில் ஓடி மறுபடியும் வெண்கலம் பெற்றார். இரண்டு பந்தயங்களிலுமே, அதுவரை தாம் ஓடியிராத வேகத்தில் ஓடியிருந்தார்.