இசேத் திருக்கோயில்

பழங்கோயில் என்றவுடனே, பல நூற்றாண்டு மழையும் வெயிலும் பட்டுக் கருத்த கற்சுவர்களே நம் மனக்கண்முன் தோன்றும். ஜப்பான் நாட்டிலோ, பழமையாற் பெரும்புகழ் பெற்ற திருக்கோயிலொன்று உளது. அதன் கட்டடம் 20 ஆண்டுக்கு மேல் நிற்பதற்கென்று எழுப்பப்படுவதன்று. அதனைப் பழங்கோயில் என்பது எங்ஙனம் பொருந்தும்? இதுபற்றிப் படிக்கப் புகுந்தபோது எமக்கும் இவ்வையமே முதலில் எழுந்தது.

மியே என்னும் மாநிலத்திலுள்ள இசே நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும், ஷிந்தோ சமயத்தாரின் 125 கோயில்கள் ஒரு தொகுதியாய் விளங்குகின்றன. அவற்றுள் தலையாயவை இரண்டு. இசுசு ஆற்றங்கரையிலுள்ள உட்கோயில், கதிரவனுக்குரிய பெண்தெய்வமாகிய அமதேரசுவுக்கு உரியது. ஜப்பானிய அரசமரபு இத்தெய்வத்தினின்றே தோன்றியதென்பது அந்நாட்டுத் தொன்மரபு. சற்றுத் தொலைவிலுள்ள புறக்கோயில், உணவு முதலியவற்றை அருளும் தொயோவுகே தெய்வத்துக்கு உரியது.

இனி, கட்டட அமைப்பைக் காண்போம். மூலக்கோயில் மூன்று அங்கணம் நீளமும் இரண்டு அங்கணம் அகலமும் உடையது. வாயில் நீண்ட பக்கத்தில் அமைந்தது. அடிக்கல்லின்றி மண்ணிலே குழி தோண்டி நட்ட தூண்களே அதனைத் தாங்குவன. தளம் நிலத்தினின்றும் உயர்ந்து நிற்கிறது. பண்டை நாளில் நெல்லை ஈரத்தினின்று காக்க உயர்த்திக் கட்டிய களஞ்சியத்தின் வடிவே இதுவென அறிஞர் கூறுவர். மரமெல்லாம் ஹினோகி என்னும் ஊசியிலை மரம். வண்ணம் பூசுதல் இல்லை. கூரை புல்லால் வேய்ந்தது. இரு பக்கத்தும் சுவரைச் சாராது தனித்து நிற்கும் பெருந்தூண் ஒவ்வொன்று முகட்டு விட்டத்தைத் தாங்குகிறது. கூரையின் இரு கோடியிலும் மரங்கள் கத்தரிக்கோலின் வாய்போல் விரிந்து வானை நோக்கும். முகட்டின்மேல் குறுக்கே கிடத்திய உருண்ட கட்டைகள் உட்கோயிலில் பத்து, புறக்கோயிலில் ஒன்பது.

மண்ணில் நட்ட தூண் அடியில் உளுத்துப்போகும். புற்கூரையும் நெடுநாள் நில்லாது. நெடுங்காலம் நிற்கும் மரக்கட்டடம் எழுப்ப அந்நாட்டார் அறிந்திலரோ எனின், அறிந்திருந்தனர். நாரா நகரை அடுத்த ஹோர்யூஜி என்னும் பௌத்தப் பள்ளியின் பழைய மரக்கட்டடங்கள், கல்லடித்தளமும் ஓட்டுக்கூரையும் கொண்டு ஏறத்தாழ 1300 ஆண்டுகளாக நிற்கின்றன. ஆகவே இசேயின் நிலையாமை அறியாமையால் வந்ததன்று. பழைய முறையை விடலாகாதென்று விரும்பி ஏற்றதேயாம்.

இதற்கு அவர்கள் கண்ட வழி வியக்கத்தக்கது. ஒவ்வொரு கோயிலின் அருகிலும் அதே அளவுள்ள வெற்றிடம் ஒன்று உண்டு. இருபதாண்டுக்கொருமுறை அவ்விடத்தில் பழையதைப் போலவே புதியது எழுப்பப்படும். பின்னர், இரவில், விளக்குகள் அணைந்திருக்க, தெய்வத்தைப் புதுக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்வர். உட்கோயிலில் இவ்விழா முதன்முதல் ஜிதோ பேரரசியின் காலத்தில், கி.பி. 690-இல், நிகழ்ந்தது, 62-ஆவது விழா 2013-இல் நிறைவேறியது. பழைய மரமும் வீணாவதில்லை. முகட்டைத் தாங்கிய பெருந்தூண்கள், இசுசு ஆற்றின்மேலுள்ள ஊஜி பாலத்தின் இரு முனையிலும் தோரணவாயில்களாக மேலும் 20 ஆண்டு நிற்கும்.

ஓரிளைஞன் முதல் விழாவில் கருவி பிடிக்கக் கற்பான். அடுத்த விழாவில் தானே வேலையை ஏற்று நடத்துவான். அதன்பின் இளையோர்க்கு வழிகாட்டுவான். ஆதலின் 20 ஆண்டென்பது கைவினை அற்றுப்போகாமல் காக்கும் அளவாகவும் அமைந்தது.

எனினும் இத்தொடர் ஒருகால் அறுந்தது. உள்நாட்டுப் போர்களால் பொருள் வருவாய் குன்றவே, 1462-க்குப் பின் 1585 வரை உட்கோயில் முறைப்படி புதுப்பிக்கப்படவில்லை. இக்குறையைப் போக்க முன்வந்தவருள் ஒருவர் செய்ஜுன் என்னும் பௌத்தப் பெண் துறவி. அவர் பல ஊர்களுக்கும் சென்று பொருள் திரட்ட, புறக்கோயில் 1563-இல் மீண்டும் எழுந்தது. வேற்றுச் சமயக் கோயிலுக்காக ஏந்திய அக்கைகளை நாம் போற்றாதிருத்தல் இயலாது. ஆயினும் மீண்டெழுந்த கோயில்களின் சில உறுப்புக்கள் முன்னிருந்தவாறே அமையவில்லை என்பது கட்டடக்கலை ஆராய்ச்சியாளர் கருத்து. கற்றறிந்த தச்சர் மறைந்தபின், மண்ணுக்குள் போனதை ஏடுகள் முற்றும் மீட்டுத் தரவல்லவோ?

ஒரு விழாவிற்கு ஏறத்தாழ 10,000 மரங்கள் வேண்டும். ஆதலால் 1923-இல், 200 ஆண்டுகளை நோக்கிய காடு வளர்ப்புத் திட்டமொன்று வகுக்கப்பட்டது. அக்கன்றுகளை நட்டவர் எவரும் அவை தூணாகி நிற்பதைக் காணப்போவதில்லை, காணாமலே நட்டனர்.

இப்பொழுது எமது ஐயம் நீங்கிற்று. இசேயில் பழையது மரமன்று. கையினின்று கைக்கு இறங்கிவரும் அறிவே பழையது. கல் தானே நிற்கும்; அறிவோ, கற்பிப்பார் உள்ளபோதே கற்பார் வந்தாலன்றி நில்லாது. கற்கும் பருவத்தினராகிய நாம் இதனை மறவாதிருப்போமாக.