ஏட்டில் ஏறாத காயங்கள்

படைப்பணி முடித்து வந்து திருவானைக்காவலிலும் திருவரங்கத்திலும் வாழும் குடும்பத் தலைவர்கள் உண்டு. காது மந்தம், முழங்கால் மடங்கவில்லை என்று அவர்கள் சொன்னால், வயதின் கோளாறு என்று வீட்டார் தள்ளிவிடுகின்றனர். பீரங்கியருகிலும் பனிமலையிலும் கழிந்த ஆண்டுகளை யாரும் எண்ணுவதில்லை, அவரே எண்ணுவதில்லை.

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று சிந்திக்க வைக்கிறது. ஆண்டுதோறும் ஓய்வுபெறும் அதிகாரிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் ஊன ஓய்வூதியம் பெறுகின்றனராம்; அவர்களுக்குக் கீழ்நிலையில் உள்ள வீரர்களில் ஏறத்தாழ 18 பேரே. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் இக்கணக்கில் பெரும்பங்கு வகிப்பதைத் தணிக்கையர் சுட்டுகிறார். அதிகாரி நெடுநாள் பணியாற்றுகிறார், வயதோடு நோயும் சேர்கிறது என்பது ஒரு விடை. அது மட்டுமே விடையன்று. விதி அறிந்தவர் விண்ணப்பிக்கிறார். அறியாத சிப்பாய் வாளாவிருந்துவிடுகிறான் என்பதே என் கருத்து.

விதி என்ன? ஊனம் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறையாமலிருக்க வேண்டும். அது படைப்பணியால் நேர்ந்ததாகவோ, பணியினால் முற்றியதாகவோ இருத்தல் வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் பலருடைய மனு விழுந்துவிடும். தரம்வீர் சிங் என்ற வீரர் 1985-இல் சேர்ந்து, வலிப்பு நோயால் 1994-இல் அனுப்பப்பட்டார். அது உடலமைப்பால் வந்த நோய் என்று ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. படையில் சேர்ந்தபோது நோய் குறிக்கப்படவில்லையானால் அது பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும். இல்லை என்று மெய்ப்பிப்பது அரசின் பொறுப்பு என்று 2013-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 21-க்குப் பின் ஓய்வுபெற்றோருக்குப் புதிய விதிகள் உள்ளன. அவர்கள் அவற்றையே பார்க்க வேண்டும்.

மற்றொரு சலுகையும் பலருக்குத் தெரியாது. உரிமை ஏற்கப்பட்டபின், 50-க்குக் குறைந்த ஊனத்தை 50 என்றே கணக்கிடுவர். பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர்க்கும் இது உண்டென 2014-இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது.

காலத்தாழ்வுதான் கொடிது. தர்சேம் சிங் 1983-இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். 1999-இல்தான் நீதிமன்றம் சென்றார். உரிமை கிடைத்தது, ஆனால் வழக்குத் தொடுத்ததற்கு முந்திய மூன்றாண்டு நிலுவை மட்டுமே தரலாம் என 2008-இல் தீர்ப்பாயிற்று. ஏனைய ஆண்டுகளின் பணம் போயிற்று.

ஆகவே வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பணிவிடுப்புப் புத்தகத்தையும், விடுவிப்பு மருத்துவக் குழுவின் தாள்களையும் பிள்ளைகள் எடுத்துப் பார்க்கட்டும். பணிக்காலத்தில் படை மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சீட்டு ஒன்றிருந்தாலும் பயன்படும். திருச்சியிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் விசாரிக்கலாம். மனு தள்ளுபடியானால், சென்னையில் படைத்துறைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. அப்பாவுக்குக் கூச்சமாயிருந்தால் மகளோ மருமகனோ உடன் செல்லலாம்.