வெங்காயத்தின் ஒரு ரூபாயில் யாருக்கு எத்தனை காசு?

(நமது மும்பை நிருபர்)

மும்பையில் வெங்காய விலை ஏறினால் அந்தச் சூடு முதலில் படுவது நம்மவர்கள் மீதுதான். தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து வியாபாரத்துக்குப் புறப்படும் குடும்பங்கள், மாட்டுங்காவில் மெஸ் நடத்துவோர், சயானிலும் செம்பூரிலும் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் குமாஸ்தாக்கள் ஆகிய அனைவருக்கும் வெங்காயம் இல்லாமல் அடுப்பு எரியாது. ஊரில் ‘பெல்லாரி’ என்று கேட்டு வாங்கியதை இங்கே ‘காந்தா’ என்று கேட்டு வாங்குகிறோம். விலை ஏறியவுடன், “விவசாயிக்கு நல்ல கொள்ளை” என்பார் ஒருவர். “எல்லாம் தள்ளுவண்டிக்காரன் வேலை” என்பார் இன்னொருவர். உண்மை என்ன?

இந்திய ரிசர்வ் வங்கி 2024ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை இதற்குக் கணக்குச் சொல்கிறது. வெங்காயத்துக்கு நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போய்ச் சேருவது சுமார் 36 காசு. தக்காளியில் 33 காசு, உருளைக்கிழங்கில் 37 காசு. அதாவது, கிலோ 40 ரூபாய் என்று வாங்கினால் விளைவித்தவருக்கு 14 ரூபாய் 40 காசு. விதை, உரம், தண்ணீர், அறுவடைக்கு வந்த பெண்களின் கூலி எல்லாம் அதற்குள்ளேதான். மீதி 25 ரூபாய் 60 காசு வழியில் நிற்கிறது. அதுவும் ஒருவர் கைக்குப் போவதில்லை. லாரி வாடகை, கோணி, சுமைக்கூலி, கமிஷன், மொத்த வியாபாரியின் லாபம், சில்லறைக் கடையில் அழுகிப் போகும் சரக்கின் நஷ்டம் எனப் பலவாகப் பிரிகிறது.

லாசல்காவ் ஏலம்

மும்பையிலிருந்து ரயிலில் சுமார் 230 கிலோமீட்டர் தூரத்தில், நாசிக் மாவட்டத்தில் இருக்கிறது லாசல்காவ். நாட்டின் வெங்காய விலைக்கே இந்த ஊர் மார்க்கெட்தான் நாடி பார்க்கும் இடம். டிராக்டர்களில் சரக்கு வரிசையாக நிற்கும். வியாபாரிகள் பார்த்து, குவிண்டாலுக்கு இவ்வளவு என்று ஏலம் கேட்பார்கள். விலை பிடிக்காவிட்டால் விவசாயி சரக்கைத் திருப்பிக்கொண்டு போகலாம் என்பது சட்டம். டிராக்டர் வாடகையையும் கடனையும் நினைத்துப் பார்ப்பவர் திரும்பிப் போவது அபூர்வம்.

நாட்டின் வெங்காயத்தில் பெரும்பகுதி மார்ச் முதல் மே வரை அறுவடையாகும் ராபி பயிரில் வருகிறது. அடுத்த பயிர் வரும்வரை, ஐப்பசி அடைமழைக் காலத்தில்கூட நாம் சாப்பிடுவது இந்த வெங்காயத்தைத்தான். இதைக் காற்றோட்டமான ‘காந்தா சால்’ என்னும் கொட்டகையில் சேமிக்கிறார்கள். நல்ல கொட்டகை உள்ளவர் விலைக்காகக் காத்திருக்கலாம். இல்லாதவர் அறுத்த கையோடு விற்றாக வேண்டும். கொட்டகையிலும் நான்கைந்து மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை காய்ந்தும் அழுகியும் குறைந்துவிடும்.

2023 பிப்ரவரியில் விலை சரிந்தபோது சோலாப்பூர் மார்க்கெட்டில் நடந்ததைப் பத்திரிகைகளில் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு விவசாயி 512 கிலோ கொண்டுவந்தார். கிடைத்த விலை கிலோ ஒரு ரூபாய். வண்டி வாடகை, ஏற்றுகூலி, எடைக்கூலி ஆகியவை கழித்து அவர் கையில் கொடுத்தது இரண்டு ரூபாய்க்கு ஒரு செக்! அடுத்த மாதம் விவசாயிகள் நாசிக் பக்கத்திலிருந்து மும்பையை நோக்கி நடந்தே புறப்பட்டார்கள். குவிண்டாலுக்கு 350 ரூபாய் உதவித்தொகை தருவதாக மாநில அரசு அறிவித்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் விலை ஏறத் தொடங்கியது. மத்திய அரசு ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டது. டிசம்பரில் ஏற்றுமதியையே நிறுத்தியது. தடை 2024 மே மாதம்தான் நீங்கியது. வரி முழுவதும் நீங்க 2025 ஏப்ரல் ஆயிற்று. விலை விழுந்தால் விவசாயி தெருவில் நடக்க வேண்டும். விலை ஏறினால் அவர் வாசல் சாத்தப்படுகிறது. நம் சமையல் செலவைக் குறைக்க அவர் தலையில் கைவைப்பது நியாயம் ஆகுமா?

மூட்டை சுமப்பவர் பங்கு

சுமைக்கூலியைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் வாதம் செய்கிறார்கள். வாஷி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவரும் நம்மைப் போல் பிழைக்க வந்தவர்தாம். அவருக்கு இன்று இருக்கும் பாதுகாப்பு சும்மா வந்ததல்ல. அண்ணாசாகேப் பாட்டீல் போன்றவர்கள் சங்கம் கட்டிப் போராடியதன் பலனாக 1969இல் மகாராஷ்டிரத்தில் மாத்தாடி சட்டம் வந்தது. தொழிலாளியும் வியாபாரியும் ஒரு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். வியாபாரி கூலியையும், அதற்குமேல் குறிப்பிட்ட சதவீதத் தொகையையும் வாரியத்தில் கட்டவேண்டும். கூலி வாரியத்தின் மூலம் தொழிலாளிக்கு வருகிறது. பிராவிடண்ட் பண்டு, கிராஜுவிட்டி, வைத்திய உதவி ஆகியவை அந்த மேல்தொகையிலிருந்து கிடைக்கின்றன. பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை செய்யும் கூலிக்கும் மாதச் சம்பளக்காரரின் உரிமை உண்டு என்று காட்டிய சட்டம் இது. தமிழ்நாட்டிலும் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது.

ஆனால் வாரியத்தில் பதிவானவருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. மார்க்கெட்டுக்கு வெளியே கிடங்குகளில் தினக்கூலிக்குத் தரம் பிரிப்பவர்களையும், வயலில் வெங்காயத் தாள் அறுக்கும் பெண்களையும் அது எட்டவில்லை. விவசாயியின் பங்கு உயரவேண்டும் என்றால் அது இவர்கள் கூலியை வெட்டி உயரக்கூடாது.

பால் காட்டிய வழி

அப்படியானால் பணம் எங்கிருந்து வரும்? இதற்கு மும்பைக்குப் பால் வந்த கதையே பதில். 1945இல் பம்பாய்க்குப் பால் அனுப்பும் திட்டம் தொடங்கியபோது, குஜராத்தின் கேடா மாவட்டத்தில் கொள்முதல் உரிமை ஒரே தனியார் கம்பெனியிடம் இருந்தது. மாடு வளர்ப்பவருக்குக் கிடைத்த விலை சொற்பம். சர்தார் படேலின் யோசனைப்படி 1946இல் பாலை விற்காமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் சொந்தக் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். 1949இல் ஆனந்துக்கு வந்து சேர்ந்த வர்கீஸ் குரியன் சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியற் கல்லூரியிலும் படித்தவர் என்பது நமக்கு ஒரு பெருமை. அந்தச் சங்கம்தான் அமுல் ஆயிற்று.

ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுகளே பாலில் நுகர்வோர் கொடுக்கும் ரூபாயில் சுமார் 70 காசு உற்பத்தியாளருக்குப் போவதாகச் சொல்கின்றன. வெங்காயத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு! பால் அரைநாளில் கெட்டுப்போகும் பொருள். ஆனாலும் இது முடிந்தது. காரணம், சேகரிப்பதும் குளிரூட்டுவதும் பாக்கெட்டில் அடைத்து விற்பதும் உற்பத்தியாளர்களின் சொந்த ஸ்தாபனத்தின் கையில் இருக்கிறது. தினமும் கறக்கும் பாலும் பருவத்தில் விளையும் வெங்காயமும் ஒன்றல்லதான். என்றாலும் கொட்டகையும் விற்பனையும் விவசாயிகளின் கூட்டுறவுக்குச் சொந்தமாக இருந்தால் அவர் பேரம் பேச முடியும் என்பது இரண்டுக்கும் பொது.

வழிச்செலவைக் குறைப்பதிலும் நியாயம் இருக்கிறது. சரக்குக் கணக்கு எழுதும் ரயில்வேக்காரன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விடமுடியாது. 2024 அக்டோபரில் ‘காந்தா எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் நாசிக் பகுதியிலிருந்து டெல்லிக்கு 42 வாகன்களில் 1,600 டன் வெங்காயம் போயிற்று. லாரியில் 84 லட்சம் ரூபாய் ஆகும் இடத்தில் ரயிலில் 70 லட்சத்து 20 ஆயிரம்தான் ஆகும் என்று அரசே கணக்குக் கொடுத்தது. விலை ஏறிய பிறகு விடுவதைவிட, ஆண்டுதோறும் அறுவடைக் காலத்திலேயே இத்தகைய ரயில்கள் ஓடினால் இருதரப்புக்கும் நன்மை.

நாம் கேட்கவேண்டியது

ஏழைக்கு மலிவாக உணவு வேண்டும் என்றால் அதன் செலவை ஏற்கவேண்டியது அரசு, விவசாயி அல்ல. தானியத்தில் ரேஷன் இப்படித்தான் நடக்கிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2022க்குள் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் முன்னுரிமை அல்லது அந்தியோதயா கார்டு இருந்து, ஆதார் இணைத்திருந்தால், மத்திய அரசின் தானியப் பங்கை மும்பைக் கடையிலேயே வாங்கலாம். ஒரு பகுதியை இங்கே வாங்கி, மீதியை ஊரில் உள்ள குடும்பம் வாங்கவும் வழி உண்டு. ஆனால் தமிழக அரசு தன் செலவில் மற்ற கார்டுகளுக்குக் கொடுக்கும் அரிசி எல்லை தாண்டி வராது. நம்மவரில் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் வீண் அலைச்சல் ஏற்படுகிறது. கார்டு எந்த வகை என்பதை ஊருக்கு ஒரு போன் போட்டு முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையை ஊருக்குப் போகும்போது பார்த்திருப்பீர்கள். விளைவித்தவரே தராசு பிடிக்கும் அந்த முறைக்கு மும்பையிலும் இடம் உண்டு. நம் தமிழ்ச் சங்கங்களும் சால் கமிட்டிகளும் சேர்ந்து, நாசிக் பக்கத்து விவசாயிகள் சங்கம் ஒன்றுடன் பேசி, மாதம் ஒரு லாரி வெங்காயத்தை நேரே வரவழைக்கலாம். நூறு குடும்பங்கள் தலைக்குப் பத்து கிலோ எடுத்தால் ஒரு டன் ஆயிற்று. இறக்குபவருக்கு வாரியக் கூலியும், விவசாயிக்கு லாசல்காவ் விலைக்கு மேல் இரண்டு ரூபாயும் கொடுத்த பிறகும் கடைவிலையைவிடக் குறைவாக வருமா என்பதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பண்டிகைக்குச் சீட்டுப் பிடித்துப் பலகாரம் செய்யத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமல்ல.